மும்பை மழைக்கு எந்த ஹேர் டிரையர்?

ஹேர் டிரையர் வாங்கப் போனால் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது ‘அயானிக்’ என்ற சொல். அடுத்தது வாட் கணக்கு: 1200, 1600, 2000. கூடவே வரும் டிஃப்யூசர், அதாவது உள்ளே விரல் விரலாக முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அகன்ற பிளாஸ்டிக் கிண்ணம், பின்பக்கத்தில் ஒரு சின்னப் படமாக ஒதுங்கியிருக்கும். மும்பை மழைக்காலத்துக்கு வாங்குகிறவர்கள் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் டிஃப்யூசர், பிறகு சூட்டையும் காற்றையும் தனித்தனியாகக் குறைக்கும் வசதி, அதற்குப் பின்னால் வாட், கடைசியில் அயனி. செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று மூன்று பேட்டைகளில், மூன்று விதமான தலைமுடியில், ஒரு மழைக்காலம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

சோதனைக்கு எடுத்தது இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 1600 வாட் டிரையர். இரண்டு காற்று வேகம், மூன்று சூட்டு நிலை, குளிர்காற்றுக்குத் தனிப் பொத்தான், அயனிக்குத் தனி ஸ்விட்ச், ஒரு குறுகலான மூக்கு, ஒரு டிஃப்யூசர். இந்த விலையில் பல பெயர்களில் விற்கும் டிரையர்கள் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அதனால் எந்தப் பெயரை வாங்குவது என்பதைவிட எதைப் பார்த்து வாங்குவது என்று எழுதுவதுதான் வாசகருக்குப் பயன். கூடவே அறையின் ஈரப்பதம் காட்டும் கைக்கடக்கமான டிஜிட்டல் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டேன். சில நூறு ரூபாய்தான். ஜூலையில் செம்பூரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அது 85 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். குளித்து முடித்த குளியலறையில் சொல்லவே வேண்டாம்.

என் முடி அலை அலையானது. மழை வந்தால் புஸ்ஸென்று எழும்பிவிடும். மாட்டுங்காவில் இருக்கும் சித்திக்கு நேரான, மெல்லிய முடி. தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் சின்ன பியூட்டி பார்லர் நடத்தும் அக்காவுக்கும் அவர் மகளுக்கும் அடர்த்தியான சுருள் முடி. இப்படி மூன்று ரகம் கிடைத்ததால்தான் ஒருவருக்குச் சரிப்படுவது இன்னொருவருக்குச் சரிப்படாது என்பது தெளிவாகத் தெரிந்தது.

மழையில் முடி ஏன் எழும்புகிறது என்று தெரிந்துகொண்டால் பெட்டியில் எழுதியிருப்பதில் எதை நம்பலாம் என்பது விளங்கும். 1783-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் டி சொசூர் என்ற அறிஞர் காற்றின் ஈரத்தை அளக்க ஒரு கருவியைப் பற்றி நூல் எழுதினார். அதன் உயிர்நாடி மனிதத் தலைமுடி. காற்றில் ஈரம் ஏற ஏற முடி நீளும், உலர்ந்தால் சுருங்கும். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போகும்போது அந்த நீட்சி சுமார் இரண்டு, இரண்டரை சதவீதம். அவ்வளவு சிறிய அசைவை முள்ளோடு இணைத்து ஈரப்பதத்தைப் படித்தார். வானிலை நிலையங்கள் பின்னர் நெடுங்காலம் முடிக்கற்றை வைத்த பதிவுக்கருவிகளைப் பயன்படுத்தின. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கருவியில் பொருத்துவதற்கு முன் சொசூர் முடியைச் சோடாக் கரைசலில் கொதிக்க வைத்து அதன் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுவார். எண்ணெய் இருந்தால் முடி ஈரத்தை உணர்வது மந்தமாகும். அவருக்கு வேண்டாத அந்த மந்தம்தான் மழைக்கால மும்பையில் நமக்கு வேண்டியது.

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. புரத இழைகளுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுப்போகும், உலர்ந்தால் மறுபடி சேரும். உலரும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்தால், நாம் சீவி அமர்த்திய வடிவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து முடி தன் இயல்புக்குத் திரும்புகிறது. எல்லா இழைகளும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை என்பதுதான் சிக்கல். டை அடித்த, பிளீச் செய்த, சூட்டில் காய்ந்த இழைகள் மேலே இருக்கும் கொழுப்புப் படலத்தை இழந்தவை. அவை தண்ணீரை வேகமாக இழுக்கும். பக்கத்து இழை அப்படியே இருக்க, இது மட்டும் பருத்து வளையும். ஆளுக்கொரு திசையில் எழும்பி நிற்கும் அந்தக் கூட்டத்தைத்தான் கண்ணாடியில் பார்க்கிறோம்.

இப்போது அயனி. இந்த டிரையர்களில் உயர் மின்னழுத்த ஊசி ஒன்று எதிர்மின் அயனிகளை உமிழ்கிறது. முடியில் சேர்ந்த நேர்மின்னூட்டத்தை அது சமன் செய்யும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பறக்கும் இழைகள் அடங்கும். இது உண்மைதான். ஆனால் அந்த மின்னூட்டம் சேர்வது வறண்ட காற்றில். தில்லியில் ஜனவரி மாதம் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் கேட்டு முடி நட்டுக்கொண்டு நிற்குமே, அந்த நோய்க்கான மருந்து இது. ஈரப்பதம் 85-இல் இருக்கும் ஊரில் மின்னூட்டம் தங்குவதற்கே வழியில்லை. அயனி ஸ்விட்ச் தனியாக இருந்ததால் தலையில் வகிடெடுத்து ஒரு பாதிக்குப் போட்டும் மறு பாதிக்குப் போடாமலும் பலமுறை பார்த்தேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஹார்பர் லைனில் வாசல் பக்கம் நின்று வடாலா தாண்டுவதற்குள் இரண்டு பாதியும் ஒன்றுபோல் எழும்பின. நேர் முடிக்காரியான சித்திக்கு மட்டும் ஏசி அறையில் கொஞ்சம் பளபளப்புக் கூடியதாகத் தோன்றியது. அயனிக்காக மட்டும் ஐந்நூறு, ஆயிரம் கூடுதலாகக் கேட்டால் மும்பையில் கொடுக்கத் தேவையில்லை.

டிஃப்யூசர் விஷயம் முற்றிலும் வேறு. குறுகலான மூக்கைப் பொருத்தினால் காற்று ஒரே இடத்தில் சீறி அடித்து, சேர்ந்திருக்கும் இழைகளைப் பிரித்துச் சிதறடிக்கும். சிதறிய நிலையிலேயே அவை உலர்வதால் அந்தச் சிதறலே வடிவமாகிவிடும். டிஃப்யூசர் அதே காற்றை அகலமாகப் பரப்பி மெதுவாக்குகிறது. தலையைச் சாய்த்து, சுருளைக் கிண்ணத்துக்குள் ஏந்தி, உச்சந்தலை வரை கொண்டுபோய் அசைக்காமல் பிடிக்க வேண்டும். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் பலனில்லை. குறைந்த காற்று, நடுத்தரச் சூடு. முக்கால் பங்கு உலர்ந்ததும் சூட்டை இன்னும் குறைத்து, கடைசியில் குளிர்காற்றுப் பொத்தான். சூடாக இருக்கும் இழை இளகியிருக்கும். ஆறும்போதுதான் பிணைப்புகள் உறுதிப்படும். அந்தக் கடைசிக் குளிர்காற்றை விட்டுவிட்டால் செய்த வேலையில் பாதி தெருவிலேயே போய்விடுகிறது.

என் முடியில் இந்த முறைக்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது. மூக்கு வைத்து ஊதினால் முடிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலை அவசரத்தில் அது பெரிய குறை, மறைக்க விரும்பவில்லை. ஆனால் மதியம் வரை அலை அலையாக அப்படியே நின்றது. மூக்கு வைத்து ஊதிய நாட்களில் குர்லா வருவதற்குள்ளேயே கையால் அமுக்க வேண்டியிருந்தது. தாராவி அக்கா பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: “காத்தக் கொறச்சு வெச்சாத்தாங்க்கா சுருள் ஒடையாம நிக்கும். எங்க பார்லருக்கு வர்ற புள்ளைங்க எல்லாம் ஃபுல்லா வெச்சு ஊதச் சொல்லுதுங்க. வெளிய போயி மழைல நனைஞ்சு திரும்பி வந்து எங்கிட்டயே சண்டை போடுதுங்க.”

டிஃப்யூசர் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். விரல்கள் நீளமாக இருக்க வேண்டும். குட்டை விரல்கள் அடர்த்தியான முடியில் உச்சந்தலையைத் தொடாது. கிண்ணம் டிரையரில் திருகிப் பூட்டும்படி இருக்க வேண்டும். வெறுமனே செருகும் வகை, சூடேறியதும் தளர்ந்து கழன்று விழுகிறது. நான் சோதித்ததும் அந்த வகைதான். பாதி தலையில் கழன்று மடியில் விழும்போது பொறுமை போய்விடும்.

சூடு முடியைக் கெடுக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2011-இல் தென் கொரியாவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். முடிக்கற்றைகளை வெவ்வேறு தூரத்தில் டிரையர் பிடித்து உலர்த்தி, இன்னொரு கற்றையை அறைக்காற்றில் தானாக உலர விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 5 சென்டிமீட்டரில் காற்றின் வெப்பம் 95 டிகிரி, 10 சென்டிமீட்டரில் 61, 15 சென்டிமீட்டரில் 47. நெருங்க நெருங்க முடியின் மேற்பரப்பு அதிகம் சேதப்பட்டது. ஆச்சரியம் என்னவென்றால், தானாக உலரவிட்ட முடியில் உட்புறச் செல்களை ஒட்டவைக்கும் படலத்தில் சேதம் தெரிந்தது; டிரையர் போட்டவற்றில் அது தெரியவில்லை. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிக்கிடப்பதும் முடிக்குத் தொல்லைதான். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே உலர்த்தினால் தானாக உலரவிடுவதைவிடக் குறைந்த சேதம் என்று முடித்தார்கள். 15 சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட பள்ளிக்கூடச் சின்ன ஸ்கேலின் நீளம். 2016-இல் வந்த டைசன் சூப்பர்சோனிக் என்ற டிரையர் மோட்டாரைக் கைப்பிடிக்குள் வைத்து, வெளிவரும் காற்றின் வெப்பத்தை ஒவ்வொரு நொடியும் பலமுறை அளந்து கட்டுப்படுத்துகிறது. நல்ல பொறியியல் அது. அதன் விலையில் பத்துப் பதினைந்து சாதாரண டிரையர் வாங்கலாம். விலை குறைந்த டிரையரில் அந்தக் கட்டுப்பாட்டை நம் கையும் அந்த ஸ்கேல் நீளமும் செய்ய வேண்டியிருக்கிறது. நீள்விரல் டிஃப்யூசர் தலையைத் தொட்டாலும் காற்று வாயிலுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், குறைந்த சூட்டில் பயமில்லை.

தாராவியில் சோதித்தபோது முடியைவிட மின்சாரத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. 1600 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர். வீட்டில் ஃபோன் சார்ஜர் செருகும் சாதாரணப் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. டிரையர் சின்ன பிளக்கோடு வருவதால் அதில் செருகிவிட முடிகிறது, அதுதான் ஆபத்து. தாராவியின் பல வீடுகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃபேன், டிவி, மிக்சி எல்லாம் தொங்கும். அதில் இதையும் சேர்த்தால் வயர் கொதிக்கும். நெருக்கமாகக் கட்டிய வீடுகள், பலகையும் தகரமுமான மாடிகள், கீழே இறங்க ஏணி ஒன்றுதான் வழி. தயவுசெய்து இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட் இல்லாத வீட்டுக்கு 1000 அல்லது 1200 வாட் டிரையரே சரி. அதையும் சுவர் பாயின்ட்டில் தனியாகச் செருகுங்கள். டிஃப்யூசரோடு பயன்படுத்த அதற்கு மேல் வாட் தேவையே இல்லை. கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 1200 வாட் கால் மணி நேரம் முழுச்சூட்டில் ஓடினாலும் 0.3 யூனிட்தான்.

அதே தாராவியில்தான் இந்தக் கருவியின் உண்மையான தேவையையும் பார்த்தேன். தண்ணீர் வரும் நேரம் வைத்துத்தான் அங்கே குளியல். காலையில் குழாய் வந்ததும் அக்காவின் மகள் தலைக்குக் குளித்து, ஈரத்தோடே எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் மடித்துக் கட்டிப் பள்ளிக்கூடம் போவாள். ஜூலை மாதத்தில் அந்தச் சடை மாலை வரை உள்ளே ஈரமாகவே இருக்கும். அவிழ்த்தால் வாடை, தலையில் பொடுகு அரிப்பு. சுருள் முடிப் பெண்ணை அடக்கமாகக் காட்ட அந்தச் சடை ஒன்றுதான் வழி என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேர்ப்பகுதியை மட்டும் குறைந்த சூட்டில் உலர்த்திவிட்டுப் பின்ன ஆரம்பித்த பிறகு வாடை போனது. விடுமுறை நாட்களில் டிஃப்யூசரில் உலர்த்திச் சுருளை அவிழ்த்துவிட்டுப் போகிறாள். அந்தச் சுருள் அவ்வளவு அழகு. அதைப் பரட்டை என்று சொல்லி வளர்த்துவிட்டோமே என்று அவளுடைய அம்மாவே சொன்னார்.

நம் பாட்டிமாருக்கும் இந்தப் பிரச்சினை தெரிந்திருந்தது. மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கீழே சாம்பிராணித் தூபம் வைத்து, அதன் மேல் முடியைப் பரப்பிப் படுக்கச் செய்வார்கள். குறைந்த சூடு, மெதுவான காற்று, அசையாத முடி: டிஃப்யூசர் செய்வதும் அதேதான். பிள்ளை பெற்ற வீடுகளில் மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள் இன்றும் செய்கிறார்கள். ஜன்னல் சாத்திய மழைக்கால ஒற்றை அறையில் கரிப்புகை வேண்டாம் என்பதே என் கருத்து, மூச்சுக்கு நல்லதில்லை.

டிரையரை எடுப்பதற்கு முன்னால் நடப்பவைதான் பாதி வேலை. தடித்த டர்க்கி டவலால் அழுத்தித் தேய்ப்பதை நிறுத்துங்கள். ஈரமான முடி பலவீனமானது. தேய்த்தால் மேற்செதில்கள் உயர்ந்துவிடும். நம் ஈரிழைத் துண்டு இதற்கென்றே நெய்ததுபோல் இருக்கிறது. சுற்றி, ஒற்றி எடுத்தால் போதும். மைக்ரோஃபைபர் டவல் என்று ஆன்லைனில் விற்பதையும் வாங்கிப் பார்த்தேன். பழைய ஈரிழைத் துண்டு செய்யாத எதையும் அது செய்யவில்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை மும்பைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மாநகராட்சித் தண்ணீர் பாட்சா, வைதர்ணா, தான்சா முதலான ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. மழை நீர், உப்புக் குறைவு. சென்னையில் போர்வெல் தண்ணீரில் குளித்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஷாம்பு பொங்கி நுரைப்பதும், முடி வழுவழுவென்று ஆவதும் முதல் வாரமே தெரியும். செம்பூரில் கோடையில் டேங்கர் தண்ணீரோ போர்வெல்லோ கலக்கும் கட்டடங்களில் மட்டும் அந்த மென்மை போய்விடும். அப்படிப்பட்ட நாட்களில் கடைசி முழுக்குக்கு ஒரு குடம் மாநகராட்சித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெய்க்கு வருகிறேன். 2003-இல் ‘ஜர்னல் ஆஃப் காஸ்மெடிக் சயின்ஸ்’ இதழில் ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மொஹிலே இருவரும் எழுதிய கட்டுரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்கள் இருந்தது இதே மும்பையின் மாரிக்கோ நிறுவன ஆய்வுப் பிரிவில். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில், தலை கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே கணிசமாகக் குறைத்தது. அதிலிருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. முடித்தண்டின் உள்ளே நுழைகிறது. பாராசூட் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு இது என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் குளிப்பதற்கு முன் தடவி ஊறவைத்த எண்ணெய் மழைக்காலத்தில் நன்றாகவே வேலை செய்தது. குளித்த பிறகு சொதசொதவென்று தடவி, அதன் மேல் டிரையர் சூடு காட்டுவதுதான் கூடாது.

குளித்த பிறகு தடவும் சீரம் வாங்குகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். டைமெதிகோன் போன்ற சிலிக்கோன் முதலில் இருந்தால் அது ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் போடும். கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மும்பை ஜூலையில் இழுக்க ஈரம் ஏராளம். முடி இன்னும் பருக்கும். அதே பாட்டிலை மழை விட்ட பிறகு எடுத்துப் பயன்படுத்துங்கள், அப்போது நன்றாகவே இருக்கும்.

இவ்வளவும் எதற்கு, ஒரே தடவையாகப் பார்லரில் முடியை நேராக்கும் ‘கெராட்டின்’ செய்துகொண்டால் தீர்ந்ததே என்று பல பெண்கள் கேட்கிறார்கள். மழை தொடங்கியதும் தள்ளுபடிப் பலகைகள் தொங்குவதும் இதற்குத்தான். ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இந்தச் சிகிச்சையில் முன்பு பயன்பட்ட ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கெடுதல் என்று தெரிந்த பிறகு, பல தயாரிப்புகளில் அதற்குப் பதிலாகக் கிளையாக்சிலிக் அமிலம் வந்தது. அப்படிப்பட்ட கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். அந்தத் தலைமுடிக் கிரீமை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோதும் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. பார்லரில் டப்பாவைக் காட்டச் சொல்லிச் சேர்மானங்களைப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. காட்டமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாட்டுங்கா சித்தியிடம் டிரையரைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொன்னேன். “எனக்கு எதுக்குடி இதெல்லாம்? வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சா ஃபேன் காத்துல காஞ்சுடறது” என்றாள். அவள் சொல்வது அவளுக்குச் சரி. நேரான, மெல்லிய, சாயம் ஏறாத முடிக்கு டிஃப்யூசர் தேவையில்லை. ஃபேனும் ஈரிழைத் துண்டும் போதும். அவள் மெச்சியது குளிர்காற்றுப் பொத்தானை மட்டும். அடைமழை நாட்களில் கோயிலுக்குக் கிளம்பும் முன் வேர்க்காலை அதில் காட்டிவிட்டுப் பின்னல் போட்டு, ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடையில் வாங்கிய மல்லிகையைச் செருகிக்கொள்கிறாள். ஈரத்தலையில் வைத்த பூ மதியத்துக்குள் வாடி நாறும் தொல்லை இல்லை என்கிறாள்.

பராமரிப்புக்கு ஒன்று. டிரையரின் பின்புற வலையில் மும்பைத் தூசியும் முடியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் காற்று குறைந்து சூடு ஏறும், கருகல் வாடை வரும். கழற்றக்கூடிய வலையாகப் பார்த்து வாங்கி, பிளக்கை எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் துடையுங்கள். டிரையரைக் குளியலறையில் மாட்டி வைக்காதீர்கள். அலமாரியில், துணிகளுக்கு நடுவே, உலர்ந்த இடத்தில் இருக்கட்டும்.